திசையன் கணக்குகளில் கோணமும் குறியும்

திசையன்களைக் (விசை போன்ற, அளவும் திசையும் உள்ள கணியங்களைக்) கூட்டும் தொடக்கநிலைக் கணக்குகளில், சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் படம் வரைந்து, கோணம் எந்த அச்சிலிருந்து அளக்கப்பட்டுள்ளது என்பதைக் குறித்துக்கொள்வதையே முதல் வேலையாகக் கருதுகிறேன். கிடைக்கூறுக்கு, அதாவது திசையனின் கிடை அச்சுவழிப் பகுதிக்கு, கோசைன் என்று மனப்பாடம் செய்தவர்கள், கோணம் செங்குத்து அச்சிலிருந்து தரப்பட்டவுடன் தடுமாறுகிறார்கள். கோணத்தை ஒட்டிய கூறுக்கே கோசைன் உரியது. கூறுகளைக் கூட்டுவது வெறும் எண்கணிதம். திசையைக் காண்பதில்தான் சிக்கல். தொகுபயனின் (கூட்டிக் கிடைக்கும் திசையனின்) கிடைக்கூறு −3 நியூட்டன், செங்குத்துக்கூறு 4 நியூட்டன் எனில் அதன் அளவு 5 நியூட்டன்; ஆனால் கோணத்துக்காக 4/−3 என்ற விகிதத்தின் நேர்மாறு டேன்ஜென்ட் கேட்டால் கால்குலேட்டர் ஏறத்தாழ −53.1° என்று நான்காம் காற்பகுதியைக் (கிடைக்கூறு நேர், செங்குத்துக்கூறு எதிர்) காட்டும். (அதைக் குறைசொல்லிப் பயனில்லை, 4/−3, −4/3 இரண்டும் அதற்கு ஒன்றே.) நம் திசையன் இரண்டாம் காற்பகுதியில் இருப்பதால், 180° கூட்டி 126.9° என்று எழுத வேண்டும்.