இரண்டு மா நிலமும் இரண்டு கிலோ விதையும்

மே 28

சென்னை வேலையை விட்டு ஊர் திரும்பி, தாத்தாவின் முக்கால் ஏக்கருக்கும் குறைவான இரண்டு மா நிலத்தில் ரசாயன உரமில்லாமல் சம்பா நடுவது என்று முடிவு செய்தபின் பார்த்த முதல் வேலை, பரிசோதனைக்கு மண் எடுத்ததுதான். வேளாண் விரிவாக்க மையத்தில் சொல்லித் தந்தபடி, வரப்போரம், மரநிழல், எருக்குப்பை கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, பத்து இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, இருபுறச் சரிவிலிருந்தும் மண்ணைச் சுரண்டிச் சேர்த்தேன். கோடையில் வெடித்துக் கிடந்த களிமண்ணில் மண்வெட்டி தெறித்தது. சேர்த்த மண்ணை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி ஒதுக்கி அரை கிலோவுக்குக் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

ஜூன் 14

கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தேன். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். மண்ணுக்கே உரமாகும் பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில், ஏறத்தாழ 45ஆம் நாளில், மடக்கி உழச் சொன்னார்கள். மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால் எனக்குப் பதின்மூன்று கிலோ போதும். நேற்றைய மழை ஈரத்தில் விதைத்தாயிற்று. "குறுவைய விட்டுட்டு யாராச்சும் பூண்டு வெதைப்பாங்களாடா?" என்று பெரியப்பா வரப்பில் நின்று கேட்டார்.

ஜூலை 20

மானியத்துக்கான படிவம் தீர்ந்துவிட்டது என்று ஓர் அலுவலகத்தில் மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பினார்கள். படிவம் இலவசம் என்றாலும் பேருந்துக் கட்டணம் நம்முடையதுதான்.

நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துப் பயிற்சி அந்தச் சலிப்பைப் போக்கியது. வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல் விதை கொட்டும் நமக்கு, செம்மை நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை 25 செ.மீ. இடைவெளியில் குத்துக்கு ஒன்றாக நட்டால் மூன்று கிலோவே போதும் என்பது முதலில் நம்பும்படியாக இல்லை. பங்கேற்பு உத்தரவாத முறையில் இயற்கை விளைபொருள் சான்று பெறக் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் சோதிக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் இதுவரை மூவர் சேர்ந்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 9

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மூத்த விவசாயி ஒருவரிடமிருந்து பாரம்பரிய நெல் ரகமான மாப்பிள்ளைச் சம்பா விதை இரண்டு கிலோ கிடைத்தது. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த, மறைந்த நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் கடைப்பிடித்த வழக்கம்தான் அவருக்கும்: இரண்டு கிலோ வாங்கினால் அறுவடைக்குப் பின் நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும், பணம் கிடையாது. இரண்டு மாவுக்கு இரண்டு கிலோ. பயிற்சியில் போட்ட கணக்கு அப்படியே பொருந்தியது.

ஆகஸ்ட் 11

விதை தந்த விவசாயியே வந்து விதைநேர்த்தி காட்டினார். வாளித் தண்ணீரில் நல்ல முட்டையைப் போட்டார். அது அடியில் கிடந்தது. கல்லுப்பைக் கரைக்கக் கரைக்க மெல்ல எழும்பி, ஒரு ரூபாய் நாணய அளவு மேலே தெரிந்ததும் முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினார். இரண்டு கைப்பிடிப் பதர் மிதந்தது. மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி ஊறப்போட்டோம். திருப்ப வேண்டிய நான்கு கிலோவில் இந்தப் பதரைக் கழித்துக்கொள்ளலாமா என்று விளையாட்டாகக் கேட்டேன். "பதரக் கோழிக்குப் போடுங்க தம்பி, நெல்ல எனக்குக் கொடுங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.