கறுப்புக்குப் போன நீலம் திரும்பி வரவில்லை

ஓய்வு நேரத்தில் நான் எழுதிவரும் குறிப்பேட்டுச் செயலியில், ஒவ்வொரு குறிப்பேட்டுக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம். இதுவரை கட்டங்களில் 12 நிறங்கள்தான் இருந்தன. விரும்பிய நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வண்ணச் சக்கரம் வேண்டும் என்று மூன்று வாரங்களுக்கு முன் தொடங்கினேன். செயலியை எழுதப் பயன்படுத்தும் ஃபிளட்டர் என்ற கருவித்தொகுப்பில் இதற்கு ஆயத்தத் தொகுப்புகள் பல உண்டு. ஆனாலும் கை அரித்தது.

வரைவதுதான் கடினம் என்று நினைத்திருந்தேன். அது ஒரே மாலையில் முடிந்தது. சிவப்பில் தொடங்கி மஞ்சள், பச்சை, வெளிர்நீலம், நீலம், மெஜந்தா வழியாகச் சிவப்புக்கே திரும்பும் சுழல் சாய்வு, அதாவது ஒரு நிறம் மெல்ல அடுத்த நிறமாக மாறும் வட்டப் பூச்சு. அதன்மேல் நடுவில் வெள்ளையாகத் தொடங்கி ஓரத்தில் மறையும் இன்னொரு சாய்வு. ஓரத்துக்கு, முழுக்க ஒளிபுகும் கறுப்பைக் கொடுத்துவிட்டதால் சக்கரத்தில் அழுக்குப் படிந்த மாதிரி ஒரு சாம்பல் வளையம் தெரிந்தது. ஒளிபுகும் வெள்ளையாக மாற்றியதும் போய்விட்டது.

விரல் பட்ட இடத்தின் கோணம்தான் சாயல் (சிவப்பா, பச்சையா, நீலமா என்பது), மையத்திலிருந்து உள்ள தூரம்தான் செறிவு (நிறம் எவ்வளவு அடர்த்தி என்பது). கீழ்ப்பாதி ஒழுங்காக வேலை செய்தது. மேல்பாதியைத் தொட்டால் செயலி பிழை காட்டி நின்றது. கோணக் கணக்கு அங்கே எதிர்மறை எண் தருகிறது, சாயலோ 0 முதல் 360 பாகைக்குள் இருக்க வேண்டும். எதிர்மறையாக வந்தால் 360 கூட்டு, அவ்வளவுதான்.

உண்மையான தலைவலி ஒளிர்வு ஸ்லைடரில் இருந்தது. நீலத்தைத் தேர்ந்தெடுத்து, ஒளிர்வைப் பூச்சியம்வரை இறக்கி, மீண்டும் ஏற்றினேன். நீலம் வரவில்லை. சாம்பல் வந்தது, பிறகு வெள்ளை. சக்கரத்தில் இருந்த குறிப்புள்ளியும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு இரவுகள் ஸ்லைடரைத்தான் சந்தேகப்பட்டேன், பாவம். குற்றவாளி நான் நிறத்தைச் சேமித்து வைத்த விதம். சிவப்பு, பச்சை, நீல அளவுகளாக மட்டுமே வைத்திருந்தேன். கறுப்பு என்றால் மூன்றுமே 0. அதிலிருந்து பழைய சாயலை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இப்போது விட்ஜெட்டுக்குள் (சக்கரமும் ஸ்லைடரும் சேர்ந்த திரைக்கூறு) சாயல், செறிவு, ஒளிர்வு ஆகிய மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, வெளியே கொடுக்கும்போது மட்டும் மாற்றுகிறேன். இதை முதல் நாளே செய்திருந்தால் பாதிக் குறிமுறையை அழித்து எழுதியிருக்க வேண்டாம்.

அடுத்து, உருளும் பட்டியலுக்குள் சக்கரத்தை வைத்ததும் புதிய சண்டை. விரலை மேலும் கீழும் இழுத்தால் நிறம் மாறாமல் பக்கம் நகர்ந்தது. செங்குத்து இழுப்பு என்று முடிவுகட்டப் பட்டியலுக்கு 18 புள்ளித் தூரம் போதும். சக்கரம் பயன்படுத்தும், எத்திசையும் இழுக்கும் விரல் சைகைக்கு 36 வேண்டும். எனவே பட்டியலே எப்போதும் முந்திக்கொள்கிறது. விரல் பட்ட கணத்திலேயே சைகையைத் தனதாக்கிக்கொள்ளும் ஒன்றை எழுதிச் சேர்த்தேன்.

தேர்ந்தெடுத்த நிறத்தின்மேல் வரும் சரிக்குறி கறுப்பா வெள்ளையா என்பதற்கு மூன்று அளவுகளின் சராசரியை எடுத்தது அசட்டுத்தனம். அந்தக் கணக்கில் தூய பச்சையும் தூய நீலமும் ஒரே பிரகாசம்! கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதைச் சொல்லும் ஒளிர்மைக் கணக்கில் பச்சையின் பங்கு 0.7152, நீலத்தின் பங்கு 0.0722 மட்டுமே. அதன்படி மாற்றியதும் பச்சையில் கறுப்புக் குறியும் நீலத்தில் வெள்ளைக் குறியும் பளிச்சென்று தெரிகின்றன.

சக்கரத்தின் அளவு, ஒளிபுகுமைப் பட்டை வேண்டுமா வேண்டாமா, ஆயத்த நிறங்கள் எவை என்பதையெல்லாம் இப்போது வெளியிலிருந்தே அமைக்கலாம். இழுக்கும்போது முன்னோட்டம் மட்டும் மாறும். விரலை எடுத்த பிறகே தரவுத்தளத்தில் பதிவாகும்.

மிச்சமிருப்பது, பார்வையற்றோருக்காகத் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான். “சாயல் 262” என்று அது படித்தால் கேட்பவருக்கு என்ன புரியும்? நிறத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். பாகைகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறேன். நீலம் எங்கே முடிந்து ஊதா எங்கே தொடங்குகிறது என்பதில் நேற்றிலிருந்து நிற்கிறது வேலை.