சிம் தட்டுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

"தம்பி, உள்ள சிவப்பா இருக்கு பாருங்க. தண்ணி போயிருக்கு. வாரண்டி கிடையாது."

இன்று சிங்கப்பூர் தேக்காவில் ஒரு போன் கடை. சிம் தட்டை உருவி, டார்ச் அடித்துக் காட்டினார் ஊழியர். வாங்கி நான்கே மாதமான போன், சார்ஜ் ஏறவில்லை. அந்தத் தம்பி பேசாமல் போனை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

மனசு கேட்கவில்லை.

அந்தப் புள்ளி ஒரு துண்டு ஸ்டிக்கர். வெள்ளையாக இருக்கும், நனைந்தால் சிவக்கும். அவ்வளவுதான் அது சொல்லும். சார்ஜ் ஏறாததற்குத் தண்ணீர்தான் காரணமா என்பது, போனைத் திறந்து போர்டில் அரிப்பு இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

வாரண்டி அட்டை வேறு, சட்டம் வேறு. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டப்படி (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்), 6 மாதத்துக்குள் தெரியும் குறை பொதுவாக வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். நாமே கீழே போட்டு உடைத்தது போன்றவற்றுக்கு இது உதவாது.

கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும், சிம் துளையையும் சேர்த்துப் படமெடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ரசீதோடு முதலில் விற்ற கடை, பிறகு பயனீட்டாளர் சங்கம். அதற்கும் கடை மசியாவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல், அதாவது சிறு தொகைக் கோரிக்கைகளை விசாரிக்கும் மன்றம். அங்கே வக்கீல் வேண்டாம். 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி.