எருமை நாக்கும் எந்திர அறிவும்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் இறங்கும் மீன்களைப் படமெடுத்து, இன்னது இன்ன மீன் என்று கணினிக்குப் பெயர் குறித்துக் கொடுப்பது கொஞ்ச காலமாக என் வேலை. கானாங்கெளுத்தி, சங்கரா, வாளை எல்லாம் அதற்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. எருமை நாக்கு என்ற தட்டை மீனில்தான் தடுமாறுகிறது.

அந்த மீனைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். தட்டை மீன்கள் குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர ஒரு கண் மண்டையைச் சுற்றி மறுபக்கம் வந்துவிடும். எருமை நாக்கில் அந்தக் கண் முழுதாக வந்து சேராமல் தலையின் மேல் விளிம்பிலேயே நிற்கிறது. அதிலும் சில மீனுக்குக் கண்கள் இடப்பக்கம், சில மீனுக்கு வலப்பக்கம்.

இந்தக் கண்ணை வைத்துத்தான் 1871இல் மைவார்ட் என்ற விலங்கியலாளர், உயிரினங்கள் சிறுகச் சிறுக மாறியே உருவாயின என்று சொன்ன டார்வினை மடக்கப் பார்த்தார். பாதி வழி நகர்ந்த கண்ணால் மீனுக்கு என்ன பயன் என்பது அவர் கேள்வி. மறு ஆண்டு வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற தம் நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின் பதில் எழுதினார். 2008இல் புதைபடிவ ஆய்வாளர் மேட் ஃபிரீட்மன், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்களில் அந்தப் பாதிக் கண்ணையே எடுத்துக் காட்டினார்.

கணினி கற்பதும் ஏறக்குறைய இப்படித்தான். தொடக்கத்தில் உள்ளே இருப்பவை தாறுமாறான எண்கள். தவறு நேரும்போதெல்லாம் அவை துளித்துளியாக நகர்கின்றன. எந்தத் திசையில் நகர வேண்டும் என்று கணக்கிட்டு நகர்த்துகிறோம். இயற்கையில் அப்படிக் கணக்கிட யாருமில்லை. பெரிய வேறுபாடு இதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஏலம் எடுக்கும் அக்கா ஒருவர் என் திரையை எட்டிப் பார்த்தார். கணினி வேறொரு நாக்கு மீனின் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த மீனின் வாயைப் பிளந்து கூரான பல்வரிசையைக் காட்டி, “இது எருமை நாக்கு, தம்பி. தப்பா சொன்னா அதுக்கு என்னா நட்டம்? நான் தப்பா எடுத்தா அன்னிக்குக் கைக்காசு போச்சு” என்றார்.

அங்கேதான் என் எண்ணம் மாறியது. தவறாகப் பார்த்த மீன் இன்னொன்றுக்கு இரையாகும். தவறு எது என்று அதற்கு வெளியிலிருந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. கணினிக்கோ, நான் குறித்த பெயரோடு ஒத்துவராததுதான் தவறு. எந்திரம் சிந்திக்குமா என்பதை உரையாடலை வைத்துச் சோதிக்கலாம் என்று 1950இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் எழுதினார். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: இழக்க அதற்கு ஏதாவது இருக்கிறதா? இழக்க ஒன்றுமில்லாததை அறிவு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

உடன் வேலை பார்க்கும் நண்பர் இதை ஏற்கவில்லை. அக்காவின் பயமும் பரிணாமம் ஊட்டியதுதானே, நாளைக்கே கணினிக்கும் சேதப்படக்கூடிய ஓர் உடலைக் கொடுத்தால் என்ன சொல்வாய் என்றார். வலுவான கேள்வி; என்னிடம் பதில் இல்லை. அப்படியோர் உடல் வரும்வரை நட்டம் மனிதர்களுக்குத்தான். ஆகவே, ஒவ்வொரு படத்துக்கும் பெயர் குறித்தவர் யார், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்டார் என்று எழுத எங்கள் பதிவேட்டில் தனிப் பத்தி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.