முதல் ஆண்டு ஆய்வாளருக்கு எதைப் பழக்குவது?

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவருக்குத் தொடக்கத்தில் என்ன பயிற்சி தர வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு ஓரளவு வரையறுத்திருக்கிறது. 2022 நவம்பரில் வெளியான விதிமுறைகளின்படி கோர்ஸ் ஒர்க், அதாவது ஆய்வைத் தொடங்குமுன் படித்துத் தேற வேண்டிய பாடங்கள், குறைந்தது 12 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) இருக்க வேண்டும். ஆய்வு முறையியலும், ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் குறித்த 30 மணி நேரப் பாடமும் அதில் அடங்கும். வடசென்னையில் ஒரு கல்லூரியில் நெறியாளராக இருக்கும் எனக்கு இந்த வரையறையின் மீது பெரிய குறை ஏதுமில்லை. குறையெல்லாம் அதை நடத்தும் விதத்தில்தான். மாணவர் தாம் சேகரித்த தரவையும் தாம் எழுதிய பக்கத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு கற்காத எதுவும் தேர்வு முடிந்த பிறகு அவரிடம் தங்குவதில்லை.

காசிமேட்டில் விசைப்படகுகளின் மீன் வரத்தையும் ஏல விலையையும் பற்றி ஆராயும் ஒரு மாணவியின் எக்செல் தாளை எடுத்துக்கொள்கிறேன். தேதிக்கு ஒரு நெடுவரிசை. வஞ்சிரம், சங்கரா, வவ்வால் என்று ஒவ்வொரு மீனுக்கும் எடைக்கு ஒன்று, விலைக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எடைக் கட்டங்களில் எல்லாம் 0 என்று இருந்தது. கிழக்குக் கடற்கரையில் அந்த 61 நாட்களும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அது சரியான பதிவுதான். ஆனால் நவம்பரிலும் ஆங்காங்கே 0 தென்பட்டது. விசாரித்தபோது, அவற்றுள் சில புயல் எச்சரிக்கையால் படகுகள் கடலுக்குப் போகாத நாட்கள் என்றும், மற்றவை வகுப்பு இருந்ததால் அவரால் விடியற்காலை ஏலத்துக்குப் போக முடியாமல் போன நாட்கள் என்றும் தெரிந்தது. படகு போகாத நாளும் ஆய்வாளர் போகாத நாளும் தாளில் ஒரே மாதிரி நின்றன. எக்செல் வெற்றுக் கட்டத்தைச் சராசரியில் சேர்க்காது. 0 என்று இருந்தால் அதையும் ஒரு மதிப்பாக எடுத்துக்கொள்ளும். விலைக் கட்டங்களிலும் அவர் 0 போட்டிருந்தார் என்பது இன்னும் சிக்கல்: மீனே வராத நாளில் விலை என்று ஒன்று கிடையாது, ஆனால் தாளின் கணக்குப்படி அன்று வஞ்சிரம் இலவசம்!

இத்தனைக்கும் அவர் புள்ளியியல் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கான பயிலரங்கில் கலந்துகொண்ட சான்றிதழும் அவரிடம் இருக்கிறது. பயிலரங்கில் கொடுத்தது, விடுபட்ட கட்டம் ஒன்றுகூட இல்லாத, ஏற்கெனவே சீர்செய்யப்பட்ட மாதிரிக் கோப்பு. அதில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கற்றுக்கொள்ளலாமே தவிர, எதை 0 என்று எழுதுவது, எதை வெற்றாக விடுவது, வெற்றாக விட்டதற்கான காரணத்தை எங்கே குறிப்பது என்பதைக் கற்க வழியில்லை. மூலத் தாளைத் தொடாமல் வைத்து, நகல் ஒன்றில் மட்டும் திருத்தங்களைச் செய்து, ஒவ்வொரு குறியீட்டுக்கும் விளக்கம் எழுதிய தனித் தாள் ஒன்றைச் சேர்ப்பதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. களக் குறிப்பேட்டில் அவர் அன்றன்றைக்குத் தேதி போட்டு எழுதியிருந்ததால்தான் அதுவும் சாத்தியமாயிற்று.

கருத்துத் திருட்டு பற்றிய வகுப்புகளும் இப்படித்தான் தடம் மாறுகின்றன. மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. மாணவர் காதில் விழுவது அந்த எண் மட்டுமே. அதற்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதற்காகச் சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டு, மேற்கோள் குறியும் ஆசிரியர் பெயரும் இல்லாமல் பிறர் வாதத்தை அப்படியே தம் வாதமாக வைக்கும் பக்கங்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஒத்த வரிகளைத் தேடும் மென்பொருளின் அறிக்கை சுத்தமாக வரும். திருட்டு திருட்டாகவே இருக்கும்.

ஆய்விதழைத் தேர்ந்தெடுப்பது இப்போது முன்னைவிட அவசரமான திறன் என்பது என் கருத்து. மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யுஜிசி கேர் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் யார், மதிப்பீடு எப்படி நடக்கிறது, கட்டணம் எதற்கு என்று மாணவரே விசாரித்தாக வேண்டும். இரண்டே நாளில் வெளியிட்டுத் தருவதாக வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பிரித்துப் படித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நேரம்தான் உண்மையான தடை. பிரிட்டனில் 2002-இல் வந்த ராபர்ட்ஸ் அறிக்கை, ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரத் திறன் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கே பகுதி நேரமாக ஆய்வு செய்பவர்களில் பலர் பகலில் கௌரவ விரிவுரையாளர்களாக வேலை பார்க்கிறார்கள். தொடர்ச்சியாக இரண்டு வாரம் என்பது அவர்களுக்கு நடக்காத காரியம். மேலும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய தண்டையார்பேட்டை, வியாசர்பாடி மாணவர்கள், ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிடும் டாக்டோரல் கமிட்டியில் கேள்வி வந்தால் “சரிங்க சார்” என்று ஒப்புக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். மறுத்துப் பேசலாம் என்பதையே யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. கமிட்டி கூடுவதற்கு முந்தைய வாரம் சக மாணவர்களையே உறுப்பினர்களாக உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பது இதற்கு நல்ல பலன் தருகிறது.

ஆகவே வரும் பருவத்திலிருந்து சனிக்கிழமை பிற்பகல்களில் இரண்டு மணி நேரம் மட்டும் கூடுவதென்று துறையில் பேசியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தம் தரவுத் தாளையோ எழுதிய ஒரு பக்கத்தையோ கொண்டு வர வேண்டும். அதைப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துக் கேள்வி கேட்பார். தரவுத் தாள்கள் சீராகும் வரை எஸ்பிஎஸ்எஸ் பக்கம் போவதில்லை. வருகைச் சான்றிதழும் கிடையாது.