வாய்தா தெரிந்தவர் தேர்தலுக்குப் போனால்

வக்கீல் ஒருவர் அரசியலுக்குப் போனால், "பேசத் தெரிந்தவர், பிழைத்துக்கொள்வார்" என்று ஊரில் சொல்வார்கள். பாளையங்கோட்டை கோர்ட்டில் பத்து வருஷம் கேஸ் கட்டு சுமந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. கோர்ட்டுப் பேச்சு மேடையில் பாதி நேரம் காலை வாரிவிடும். கோர்ட்டில் கேட்பவர் ஒருவர்தான், அவர் கேட்டே ஆக வேண்டியவர். வள்ளியூர் முக்கில் நிற்கிற கூட்டத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, பஸ் வந்தால் ஏறிப் போய்விடும். இன்னொன்று, மாற்று வாதம். "என் கட்சிக்காரர் அந்த இடத்திலேயே இல்லை; இருந்தார் என்றே வைத்துக்கொண்டாலும் அடிக்கவில்லை" என்பது எதிர்வாதத்தில் முறையான வரி. மேடையில் அதைச் சொன்னால் ஒப்புதல் வாக்குமூலம். புதிதாக மைக் பிடிக்கிற வக்கீல்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உண்மையில் கைகொடுப்பது காகிதப் பழக்கமும் தேதிப் பயமும்தான்.

வேட்புமனு வாங்குகிற நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். அத்தனை பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். நாங்குநேரியில் நிற்கிறவர் அம்பாசமுத்திரம் மைத்துனரிடம் கையெழுத்து வாங்கி வந்தால் அது செல்லாது. வேட்பாளரின் ஓட்டு வேறு தொகுதியில் இருந்தால் அந்த வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டும். மனுக் கொடுத்த பிறகு உறுதிமொழி எடுக்க வேண்டும், அதுவும் பரிசீலனை நாளுக்கு முன்பே. மாலையும் மேளமுமாக வந்தவர் மனுவைக் கொடுத்த கையோடு போட்டோவுக்கு ஓடுவார். உறுதிமொழியை நினைவில் வைத்திருப்பவர் கூட வந்த வக்கீல்தான்.

எல்லாவற்றிலும் கண்டம் படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம். சொத்து, கடன், வழக்கு என எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. ஒன்றும் இல்லையென்றால் "இல்லை" என்றோ "பொருந்தாது" என்றோ எழுத வேண்டும். கோடு கிழிப்பதும் வெறுமையாக விட்டதற்குச் சமம். விட்ட கட்டத்தைத் தேர்தல் நடத்தும் அலுவலர் சுட்டிக்காட்டியும் நிரப்பித் தராவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013ல் சொல்லிவிட்டது. கட்சியில் நாள்பட்டு இருப்பவருக்குச் சாலை மறியல் வழக்குகள் நாலைந்து ஸ்டேஷனில் கிடக்கும், எது எங்கே என்று அவருக்கே தெரியாது. குற்ற எண், பிரிவு, எந்தக் கோர்ட், கோர்ட்டில் குற்றச்சாட்டுப் பதிவாயிற்றா என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். மறைத்தால் அதற்குத் தனியாக ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்ல குமாஸ்தா இந்த வேலையை ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுவார்.

ஒரு கையெழுத்து என்ன செய்யும் என்பதற்கு நம் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரமே போதும். 2016ல் அங்கே வழக்கறிஞரான இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார். எதிர்த்து நின்ற அப்பாவு தேர்தல் வழக்குப் போட்டார். வழக்கின் மையம் தள்ளப்பட்ட 203 தபால் ஓட்டுகள். தபால் ஓட்டோடு போகிற உறுதிமொழிப் படிவத்தில் தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்டிருந்தார். அவர் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரா, இல்லையா என்பதுதான் கேள்வி. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணி முடித்த கணக்கை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

தேர்தல் வழக்குக்குக் கெடு 45 நாள். சிவில் வழக்கில் கேட்பது போலத் தாமதத்தை மன்னிக்கக் கோர வழியே இல்லை, ஒரு நாள் போனால் போனதுதான். காப்புத்தொகை 2,000 ரூபாய். எதிர்மனுதாரருக்குத் தருகிற ஒவ்வொரு நகலிலும் "உண்மை நகல்" என்று மனுதாரரே கையெழுத்திட வேண்டும். வக்கீல் போட்டுக் கொடுத்தால் அங்கேயே ஓட்டை விழுந்துவிடும்.

தண்டனைக் கணக்கும் இப்படி நுணுக்கமானதுதான். கலிங்கப்பட்டிக்காரர் வைகோவுக்கு 2019 ஜூலை 5 அன்று தேசத்துரோக வழக்கில் ஓராண்டுத் தண்டனை விழுந்தது. அப்போது மாநிலங்களவைக்கு மனுச் செய்கிற நேரம். அந்தப் பிரிவில் தகுதி போக இரண்டாண்டாவது தண்டனை வேண்டும், ஆகவே அவருக்குத் தடையில்லை. ஆனாலும் மனு தள்ளப்பட்டால் என்ன செய்வது என்று தி.மு.க. தரப்பில் வழக்கறிஞர் என்.ஆர்.இளங்கோவையும் மனுப் போட வைத்தார்கள். வைகோ மனு ஏற்கப்பட்டதும் இளங்கோ வாபஸ் வாங்கினார். ஜாமீன்தாரர் வராமல் போகலாம் என்று இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு போகிற அதே கோர்ட்டுப் புத்தி.

அரசியலுக்குத் தொழிலையே விலையாகக் கொடுத்தவர் வ.உ.சி. ஒட்டப்பிடாரத்திலும் பிறகு தூத்துக்குடியிலும் வக்கீலாக இருந்தவர், 1906ல் பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு என்று சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். 1908ல் தண்டனை, கூடவே வக்கீல் தொழிலுக்கான உரிமமான சன்னதும் பறிபோனது. 1912 டிசம்பரில் வெளியே வந்தவர் கோர்ட்டுக்குள் நுழைய முடியவில்லை. பல ஆண்டு கழித்து அதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் பெயரைத் தம் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று வைத்தார்.

இப்போது எம்.எல்.ஏ. ஆனால் சன்னது போகாது. தொழில் செய்யத் தடையில்லை என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போவது நேரம்தான். பிரச்சாரத்துக்கு இறங்கும் முன் டைரியைப் பிரித்து, எந்தக் கட்டு எந்த ஜூனியருக்கு என்று எழுதி, வக்காலத்தில் "ஆட்சேபனை இல்லை" என்று கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பலரும் "ஜெயித்ததும் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். வாய்தாவில் ஆள் இல்லாமல் வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகும், அதாவது ஒருதலைப்பட்சமாக முடியும். அதை நீக்க 30 நாள்தான். வெற்றி ஊர்வலத்தில் மாலையோடு அந்த வழக்கின் கட்சிக்காரரும் நிற்பார். மாலையைப் போட்டுவிட்டு, காதோரம் குனிந்து மெதுவாகக் கேட்பார்: "அண்ணாச்சி, நம்ம கேசு என்னாச்சு?"