டிப்ரஷன் மாத்திரை சாப்பிட்டுட்டே கால் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட கதை, குறிப்பா வலி ஊசி விஷயம்

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரே கேள்விதான், சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, தைராய்டு, ஆஸ்துமா, வீசிங்? மனசுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களான்னு யாரும் கேக்கறதில்ல. நான் சில வருஷமா ஃபுளூவாக்செட்டின் 20 மில்லிகிராம் எடுத்துக்கறேன். கணுக்கால் உடைஞ்சு பிளேட் வைக்கணும்னு ஆனப்போ மயக்க டாக்டர் பாக்க வந்தார், பக்கத்துல அத்தை, கொழுந்தனார் எல்லாம் நிக்கறாங்க, அவரும் அதே லிஸ்ட்டைத்தான் கேட்டார். நானே மாத்திரை அட்டையை எடுத்து நீட்டிட்டேன். அத்தை மூஞ்சி மாறுச்சு, மாறட்டும்.

அதுக்கப்புறம் அவர் உக்காந்து பேசினதுதான் எனக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு. நம்ம ஊர்ல ஆபரேஷன் முடிஞ்சா வலிக்கு சர்வசாதாரணமா போடறது டிராமடால். அது ஓபியாய்டு வகை, அதாவது மார்ஃபின் குடும்பத்து வலி மருந்து, ஆனா அதோட நிக்காம மூளையில செரட்டோனின்கற ரசாயனத்தையும் ஏத்திவிடும். நான் சாப்பிடுற மாத்திரையோட வேலையே செரட்டோனினை ஏத்தறதுதான். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அளவு மீறினா செரட்டோனின் சிண்ட்ரோம்னு வரும், கை நடுங்கும், காலு தானா வெட்டி இழுக்கும், வேர்த்துக் கொட்டும், பேதி, படபடப்பு, முத்திப்போனா ஜுரம் உச்சத்துக்குப் போகும். டிராமடாலுக்கு ஃபிட்ஸ் வரவைக்கற குணமும் உண்டு, டிப்ரஷன் மாத்திரையோட சேர்ந்தா அந்த ரிஸ்க்கும் கூடும். எல்லாருக்கும் வந்துடாது, ரெண்டையும் சேத்து சாப்பிட்டு ஒண்ணும் ஆகாதவங்கதான் அதிகம்னும் அவரே சொன்னார். ஆனா வேற வழி இருக்கறப்போ எதுக்கு?

இதுல இன்னொரு கூத்து இருக்கு. டிராமடால் உள்ள போனதும் கல்லீரல்ல சிஒய்பி2டி6-னு ஒரு என்சைம் அதை வேற ஒரு பொருளா மாத்தும், வலியை நல்லா அடக்கறது அந்த மாறின பொருள்தான். ஃபுளூவாக்செட்டின் அந்த என்சைமையே அமுக்கி வெச்சிடும், பராக்செட்டினும் அப்படித்தான். அப்போ வலி சரியா குறையாது, நாம கத்துவோம், டோஸை ஏத்துவாங்க, ஏத்தறதெல்லாம் செரட்டோனின் கணக்குல போய் சேரும். கோடீனும் இதே என்சைமை நம்பித்தான் மார்ஃபினா மாறணும், அதனால அதுவும் நமக்கு சரியா கேக்காது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் சாப்பிடுறவங்களுக்கு என்சைம் தொல்லை கம்மி, செரட்டோனின் சங்கதி மட்டும் அப்படியே இருக்கும்.

கொழுந்தனார் உடனே, அப்போ அந்த மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திடலாமேன்னாரு. ஃபுளூவாக்செட்டின் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்காகும், இப்போ நிறுத்தினாலும் ஆபரேஷன் அன்னைக்கு உள்ளதான் இருக்கும், நிறுத்தி ஒரு லாபமும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். என் சைக்யாட்ரிஸ்ட்டுக்கு ஃபோன் போட்டேன், அவங்களும் அதையேதான் சொன்னாங்க, ஆபரேஷன் அன்னைக்குக் காலையிலயும் ஒரு மடக்குத் தண்ணியில முழுங்கிட்டுத்தான் போனேன்.

முதுகுல ஊசி போட்டு, முழங்காலுக்குப் பின்னாடி நரம்பு மரத்துப்போக தனியா ஒரு பிளாக் ஊசியும் போட்டாங்க. முதுகு ஊசி போட்டா நிறைய பேருக்கு குளிர் நடுக்கம் வரும், அதுக்கும் இங்க டிராமடாலோ பெத்திடினோதான் கையில எடுப்பாங்களாம், பெத்திடினும் செரட்டோனினை ஏத்தற ஓபியாய்டுதான்! எனக்கு சூடான போர்வை, தேவைப்பட்டா வேற ஊசின்னு முன்னாடியே பேசி வெச்சிருந்தார்.

பிளாக் இருந்ததால வலி ராத்திரி லேட்டாத்தான் ஆரம்பிச்சுது, ஆனா வந்தப்போ சும்மா வரல. டியூட்டி சிஸ்டர் ஒரு டிரிப்போட வந்தாங்க, என்ன மருந்து சிஸ்டர்னு கேட்டா வலிக்குத்தாம்மான்னாங்க, ஆம்பியூலை, அந்த சின்ன மருந்துக் குப்பியைக் காட்டுங்கன்னேன், டிராமடால். மயக்க டாக்டர் அவர் ஷீட்ல எழுதினது எழுதினபடி இருக்கு, வார்டு ஆர்டர் வழக்கமா எல்லாருக்கும் போடறது, ரெண்டையும் யாரும் சேத்துப் பாக்கல. சிஸ்டர் மேல தப்பே சொல்ல மாட்டேன், அந்த ஃப்ளோருக்கே அவங்க ஒருத்தர்தான். டியூட்டி டாக்டர் வந்து பாராசிட்டமால் டிரிப்பும் டைக்ளோஃபினாக்கும் மாத்தினார், அதுலயும் தாங்கலைன்னா மார்ஃபின் தரலாம், அதுக்கு இந்த செரட்டோனின் பிரச்சனை கிடையாதுன்னார். கூடவே வயித்து ஆசிட்டைக் குறைக்கற பான்டோப்ரசோல், ஏன்னா டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையும் ஃபுளூவாக்செட்டினும் சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியற ரிஸ்க் கூடுமாம். மார்ஃபின் வரைக்கும் போகல. ஆனா அந்த ராத்திரி நல்லா வலிச்சுதுங்க, அதை மறைக்க விரும்பல.

படுத்துக் கிடக்கறப்போ 1984-ல நியூயார்க்ல செத்துப்போன லிபி சயான்கற 18 வயசுப் பொண்ணைப் பத்திப் படிச்சேன். ஃபினெல்சின்னு பழைய வகை டிப்ரஷன் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தவங்களுக்கு ஆஸ்பத்திரியில பெத்திடின் போட்டிருக்காங்க. பாத்துக்கிட்டது நீண்ட நேர டியூட்டியில இருந்த பயிற்சி டாக்டர்கள்னு பெரிய விவாதமாச்சு, அந்த கேஸுக்கு அப்புறம்தான் நியூயார்க்ல பயிற்சி டாக்டர்களுக்கு வாரத்துக்கு 80 மணி நேரம்தான் டியூட்டின்னு விதி வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்குப் படிக்கற விஷயமில்ல, ஆனா படிச்சிட்டேன்.

டிஸ்சார்ஜ் சீட்டுலயும் அதே ஆளு வேற பேர்ல. பிராண்ட் பேரைப் பாத்தா ஒண்ணும் புரியாது, அட்டைக்குப் பின்னாடி பொடி எழுத்துல டிராமடால் 37.5, பாராசிட்டமால் 325-னு இருந்துச்சு. 2018-ல இருந்தே டிராமடால் என்டிபிஎஸ்-ங்கற போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்ற மருந்து, இருந்தாலும் சீட்டுல இருந்தா கடையில கொடுத்துடுவாங்க. திருப்பிக் கொடுத்து வெறும் பாராசிட்டமால் எழுதி வாங்கினேன்.

பக்கத்து பெட் அம்மாவுக்கும் டிராமடால் ஓடுச்சு, நான் டிப்ரஷன் மாத்திரை எல்லாம் சாப்பிடறதில்லம்மான்னாங்க, பையில பாத்தா கால் எரிச்சலுக்கு நரம்பு மாத்திரைன்னு கொடுத்த டுலாக்செட்டின். அதுவும் டிப்ரஷன் மாத்திரைதான், அமிட்ரிப்டிலினும் அதே ஜாதி. டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேன். ஏற்கனவே ரெண்டும் சாப்பிடுறவங்க இதைப் படிச்சு பயந்து எதையும் தானா நிறுத்திடாதீங்க, எழுதிக் கொடுத்தவர்கிட்ட கேளுங்க. நடுக்கமும் வேர்வையும் ஜுரமும் சேர்ந்து வந்தா மட்டும் வெயிட் பண்ணாம கேஷுவால்டிக்குப் போயிடுங்க.

தையல் பிரிச்ச கையோட இருமல் பிடிச்சுது. கடையில கொடுத்த சிரப்பைத் திருப்பிப் பாத்தா டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், அதுவும் இந்த செரட்டோனின் லிஸ்ட்ல இருக்கறதுதான், வேற கேட்டு வாங்கிட்டு வந்தேன்.